முழங்காலுக்குப் பின்னால் ஒரு வீக்கம்

என் கணவருக்கு வலது முழங்காலின் பின்புறம் ஒரு வீக்கம். நின்றால் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைக்கும். படுத்துக் காலை உயர்த்தினால் வற்றிவிடும். கட்டி என்றால் படுத்ததும் எங்கே போய் ஒளியும் என்று எங்களில் ஒருவருக்கும் யோசனை வரவில்லை. ஊர் டொக்டரும் அவரைப் படுக்க வைத்தே அமுக்கிப் பார்த்து, நீர்க்கட்டி என்று அனுப்பிவிட்டார். எழும்பி நில் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

எங்கள் ஆட்களுக்குக் காலில் எது வந்தாலும் நெரிவு, சுளுக்குத்தான். அவருடைய அக்கா, என் மச்சாள், அவரை முறிவு நெரிவு பார்க்கும் நாட்டு வைத்தியரான பரியாரியாரிடம் கூட்டிப்போனார். "நரம்பு சுருண்டு கிடக்கு. பத்து நாள் எண்ணெய் போட்டு உருவுங்கோ" என்றாராம். பத்து நாளும் பின்னேரம் மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்து உருவினார். எண்ணெயைச் சூடாக்கிக் கொடுத்தது நான். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

பதினோராம் நாள் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் வரம்பில் குந்திவிட்டார். "மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு, நெஞ்சு குத்துது." மச்சாளும் நானும் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

நுரையீரலில் இரத்தக்கட்டி என்றார்கள். அது எங்கிருந்து வந்தது என்று தேடிய டொக்டர் காலையும் ஸ்கான் பண்ணினார். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் பெரிய நாளம் பலூன் போல உப்பி, உள்ளே இரத்தம் உறைந்து கிடந்தது. மிக அரிது என்றார். காலில் எண்ணெய்ப் பிசுக்கைக் கண்டதும் கேட்டார்:

"ஆர் இதை உருவினது?"

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"உருவ உருவ, உறைஞ்சது உடைஞ்சு நெஞ்சுக்குப் போகும். ஆள் தப்பினது பெரிய காரியம்."

"நல்லதுக்குத்தானே ஐயா செய்தனாங்கள்" என்றார் மச்சாள்.

எனக்கு விசர் வந்தது. "வாயை மூடுங்கோ மச்சாள்! நல்லதுக்கெண்டு ரெண்டு பேருமாச் சேர்ந்து இந்த மனிசனைக் கொல்லப் பாத்தனாங்கள்!"

வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. படுத்திருந்த என் கணவர், "மெல்லக் கதை. ஊசி போட வாற பிள்ளை பயந்து ஓடப்போகுது" என்றார்.

இரத்தம் உறையாமலிருக்க முதலில் ஊசி, பிறகு குளிசை. கொஞ்ச நாள் கழித்து உப்பிய பகுதியை வெட்டி எடுத்து நாளத்தைத் தைத்தார்கள். இப்போது நடக்கிறார். காலையில் இறுக்கமான காலுறையை நான்தான் ஏற்றிவிட வேண்டும். முழங்காலை நெருங்கியதும் என் கை நின்றுவிடுகிறது.

"இழுத்துப் போடு, ஒண்டும் செய்யாது."

காலுறை போடும் விதத்தை டொக்டர் எழுதித் தந்த தாளை எடுத்து இன்னொரு முறை வாசித்த பிறகுதான் இழுக்கிறேன். ஒவ்வொரு நாளும். அவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.