‘சீசன் போக’ என்றார் குழல்வாய்மொழி அக்கா

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. கூட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கைபேசியில் ஆறுமுகம் அண்ணாச்சியின் பெயர் வந்தது. அவர் தாமாக யாரையும் கூப்பிடுகிற ஆள் இல்லை. அவருக்கும் சேர்த்து அவர் மனைவி குழல்வாய்மொழி அக்காதான் பேசுவார். துருவலை அப்படியே வைத்துவிட்டு எடுத்தேன்.

“தம்பி, ஒங்க அக்கா பேச மாட்டேங்கா” என்றார்.

அன்று காலை தென்காசியில் எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு, சட்னியில் உப்புக் குறைவு என்று ஒரு குறையும் சொல்லிவிட்டுத்தான் குழல்வாய்மொழி அக்கா குற்றாலத்துக்குப் பஸ் ஏறினார். அண்ணாச்சியும் கூடப் போயிருந்தார். சீசனுக்கு வாடகைக்கு விட்டிருந்த அவர்கள் வீட்டில் பழைய ஆட்கள் காலி செய்து புது ஆட்கள் வரும் நாள் அது. வந்தவர்களிடம் அக்கா சாவியைக் கொடுத்து, மோட்டார் சுவிட்சைக் காட்டிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா என்கிறேனே தவிர எங்களுக்குள் இரத்த உறவு எதுவும் இல்லை. முன்பு குற்றாலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனர் அவர். நாங்கள் கோயமுத்தூர்க்காரர்கள். நான் வேலை பார்த்த மில்லை மூடிய அதே வருடம், அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த என் மனைவி மல்லிகாவுக்குப் பதவி உயர்வோடு தென்காசிக்கு மாற்றல் வந்தது. பெண்ணும் பையனும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். இனி ஒருத்தி சம்பளத்தில் நாலு பேர், அதுவும் ஒரு மனிதரைத் தெரியாத ஊரில். மல்லிகாவின் வளையல்களை அடகு வைத்துத்தான் சாமான்களை லாரியில் ஏற்றினோம்.

வீடு பார்க்கும் பொறுப்பு என்னுடையது. தென்காசியில் கேட்ட வாடகைகளைக் கேட்டு மலைத்துப்போய்க் குற்றாலம் பக்கம் வந்தேன். தை மாதம், ஊரே வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு வீட்டின் முன்பகுதி காலியாக இருந்தது. பின்பகுதியில் ஓனர் குடும்பம். கொண்டை போட்ட ஒரு அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாடகையைச் சொன்னார். நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தார்: “சீசன் போகத்தான். அத முன்னாலயே சொல்லிருதேன்.”

நான் புரிந்துகொண்டது இது: சீசன் மாதங்கள் போக, மற்ற மாதங்களுக்கு மட்டும் வாடகை. அதாவது சீசனில் வாடகையே கிடையாது! ஊருக்குத் திரும்பி மல்லிகாவிடம் வெற்றிவீரனைப் போலச் சொன்னேன். “ஏனுங்க, சும்மாவா விடுவாங்க? நல்லாக் கேட்டீங்களா?” என்றாள். சாரலில் சுவரெல்லாம் ஊறிப்போகும், துணி காயாது, மனசாட்சி உள்ள ஜனங்கள், அந்த மாதங்களுக்குக் காசு வாங்க மாட்டார்கள் என்று நானே ஒரு விளக்கமும் கொடுத்தேன். குற்றாலத்தில் பிறந்த சின்னக் குழந்தைகூட இப்படி ஒரு அர்த்தம் பண்ணியிருக்காது. மிச்சமாகப் போகிற அந்தப் பணத்தை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளியிலும் சேர்த்துவிட்டோம்.

வைகாசிக் கடைசியில் அக்கா முன்பகுதிக்கு வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். “என்னைக்குத் தம்பி ஒழிச்சுத் தாரிய?” என்று கேட்டார்.

“எதைங்க ஒழிக்கறது?” என்றேன். பரணைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

“வீட்டத்தான். சீசன் வருதுல்லா? அன்னைக்கே சொன்னம்லா, சீசன் போகத்தான்னு?”

அப்போதுதான் உறைத்தது. சீசனில் குற்றாலத்து வீடுகள் அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்குப் போகும். குடியிருப்பவர்கள் அதற்கு முன் காலி செய்ய வேண்டும், சாரல் முடிந்த பிறகு திரும்பி வரலாம். வாடகை குறைவாக இருந்ததன் ரகசியம் அதுதான். நான் புரிந்துகொண்டிருந்ததைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அக்கா என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவரும் நிறுத்திக்கொண்டு எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் மல்லிகா கணக்குப் பார்க்கக்கூட இல்லை. “நீங்க குழந்தைகளைக் கூட்டிட்டுக் கோயமுத்தூருக்கே போயிருங்க. எங்கம்மா வீட்டுல இருங்க. நான் இங்க ஹாஸ்டல்ல இருந்துக்கறேன்” என்றாள். எவ்வளவு நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மகள் மட்டும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது. பின்பகுதியில் எல்லாம் கேட்டிருக்கும்.

மறுநாள் காலை அக்கா வந்தார். மல்லிகா அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி மல்லிகா, நீங்க மட்டுமா ஒழிக்கிய? நாங்களுந்தான் ஒழிக்கோம். ரெண்டு பக்கத்தையும் விட்டாத்தான் எம் பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியும். தென்காசியில எந் தம்பி பூசாம கொள்ளாம ஒரு வீட்டக் கட்டிப் போட்டுட்டுத் துபாய்ல கெடக்கான். நாங்க வருசா வருசம் அங்கனதான் போறோம். நீங்களும் வாங்க. எடம் காணாதுதான். ஒட்டிக்கிட்டுக் கெடப்போம்.”

வாடகை என்று மல்லிகா தயங்கினாள்.

“வாடகையா? சீசன் போகன்னு சொன்னது நான்தான? ஒம் மாப்பிள்ள அத எப்படிக் கேட்டாரோ அப்படியே இருந்துட்டுப் போகட்டும். சீசனுக்கு வாடகை கெடையாது. பேரு மட்டும் குழல்வாய்மொழி, வாயத் தொறந்து பேசுனா ஒருத்தருக்கும் வெளங்க மாட்டேங்குன்னு ஒங்க அண்ணாச்சிட்டச் சொன்னேன். அவுகளும் ஆமாங்காக.”

என்னுடைய தப்பர்த்தத்தை ஒரே பேச்சில் நிஜமாக்கிவிட்டார். அன்று அவர் அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால் எங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கும் பெற்றோருக்கு நடுவே வளர்ந்திருப்பார்கள்.

அப்படித்தான் ஆனி பிறப்பதற்குள் இரண்டு குடும்பத்துச் சாமான்களும் ஒரே குட்டியானை வண்டியில் தென்காசிக்கு வந்தன. அடுத்தடுத்த வருடங்களிலும் அதே கதைதான். ஒரு சமையலறை, ஒரு அடுப்பு. மல்லிகா வேலைக்குப் போவாள், நான் சமைப்பேன். அக்காவின் சொந்தக்காரப் பெண்மணி ஒருவர் வந்திருந்தபோது, “ஆம்பள சமைக்கான், பொம்பள ஆபீசுக்குப் போறா” என்று என் காதுபடவே சொன்னார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், “அவரு ஒன் வீட்டுச் சட்டியிலயா சமைக்காரு? ஒனக்கு ஏன் புகையுது?” என்றார். அதே வாய், அடுத்த நிமிடம் என் பக்கம் திரும்பி, “தம்பி, சொதிக்குத் தேங்காப்பால இப்பமே ஊத்திராதிய, திரிஞ்சு போகும்” என்றது. என் சமையலை அவர் முழுசாகப் பாராட்டியதே கிடையாது. ஆனால் எங்கள் ஊர் அரிசியும் பருப்பும் சாதம் செய்தால் மட்டும் சட்டியை வழித்துச் சாப்பிடுவார்.

சீசன் முடிந்து குற்றாலம் திரும்பினால் சுவர்களில் எல்லாம் தலை தலையாக எண்ணெய்க் கறை இருக்கும். குளிக்க வந்தவர்கள் எண்ணெய் தேய்த்த தலையோடு சாய்ந்து உட்கார்ந்த அடையாளம். “தலைய எங்கன சாய்க்கதுன்னு ஒரு வெவஸ்தை வேண்டாமா?” என்று திட்டிக்கொண்டே அக்கா தேய்ப்பார். ஒரு பக்கம் நானும், மறுபக்கம் மல்லிகாவும் தேய்ப்போம். அப்புறம்தான் வெள்ளையடிப்பு. அந்த வேலையில் அண்ணாச்சிக்கு ஈடு கிடையாது.

கொரோனாவின்போது அருவிக்கு யாரையும் விடவில்லை. சீசனே இல்லாமல் போனது. அவர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் அந்த ஆடியில் அக்கா தம் வீட்டு ஜன்னலோரம் நின்று சாரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “கல்யாணமாகி வந்ததுலேர்ந்து ஆடி மாசம் என் வீட்டுக்குள்ள நான் இருந்ததே இல்ல பாத்துக்கிடுங்க” என்றார். கஷ்டகாலத்திலும் அவருக்குச் சந்தோஷப்பட ஒரு காரணம் கிடைத்துவிடும்.

அதன் பிறகு மல்லிகாவின் சம்பளத்தை வைத்துக் கடன் வாங்கித் தென்காசியில் சின்னதாக ஒரு வீடு கட்டினோம். பால் காய்ச்சிய அன்று அக்காதான் முதலில் உள்ளே வந்து, பின்னறையைப் பார்த்துவிட்டு, “இது சீசனுக்கு எங்களுக்கு” என்று அறிவித்தார். அவர் தம்பி குடும்பத்தோடு ஊர் திரும்பிப் பூசாத அந்த வீட்டைப் பூசிக் குடியேறியிருந்தார். அது முதல் ஒவ்வொரு ஆனியிலும் அக்காவும் அண்ணாச்சியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாடகைப் பேச்சை எடுத்தது அண்ணாச்சிதான், ஒரே ஒரு தடவை. மல்லிகா முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டார்.

இப்படித்தான் இந்த வருடமும் வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது அவர்கள் மகன் செந்தில் பெங்களூரிலிருந்து அழைத்தான். “மாமா, அம்மாவ எங்கன கொண்டு போறது? வீட்ல ஆள் இருக்காகளே” என்றான். மதுரையிலிருந்து கைக்குழந்தைகளோடு வந்தவர்கள் காலையில்தான் பெட்டியை இறக்கியிருந்தார்கள். “அவுகள வெளிய அனுப்ப வேண்டாம். அவ இருந்தா விட மாட்டா” என்றார் அண்ணாச்சி. அக்காவின் தம்பி வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்றால், அங்கே அவர் மருமகளுக்கு அப்போதுதான் பிரசவமாகியிருந்தது.

மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அக்கா காலையில எங்கிருந்து கிளம்புனாங்க? அங்கேயே வரட்டும்” என்றாள்.

புதுசாகக் கட்டிய வீடாயிற்றே என்று பக்கத்தில் நின்ற ஒருவர் இழுத்தார். மல்லிகாவின் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. நான் வீட்டுக்கு ஓடிப்போய் நடுக்கூடத்துச் சாமான்களை ஒதுக்கினேன்.

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு வாசகம் சொல்ல அச்சகத்துக்குப் போனவனும் நான்தான். பெயர், நாள், நேரம் சொன்னேன். ‘அவரது இல்லத்திலிருந்து’ என்று சொல்லி, விலாசத்தையும் சொன்னேன். தட்டச்சு செய்தவர் எங்கள் தெருக்காரர். கையை நிறுத்திவிட்டு, “அண்ணாச்சி, இது ஒங்க வீட்டு அட்ரஸ்லா? அவுக வீடு குத்தாலம்லா?” என்றார்.

“சரியாத்தான் சொல்றேன், அடிங்க” என்றேன்.

மறுநாள் சாரலில் அக்கா அந்த விலாசத்திலிருந்துதான் புறப்பட்டார்.

அக்கா, உங்களைத் தூக்கியபோது வாசலில் மல்லிகா, மகள், மகன், நான் எல்லாரும் இருந்தோம். எங்கள் நாலு பேரில் ஒருவர்கூட வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கவில்லை.