மகாராணி காலத்து உடுப்பில் நம்மவர்கள்

படம் எடுத்துப் பிழைத்தவர்களுக்குத் தெரியும், லைட்டைச் சரிசெய்வது சுலபம், எதிரே உட்காருகிறவரைச் சரிசெய்வதுதான் கஷ்டம். நானும் என் கணவர் சேகரும் டெக்சாஸில், ரவுண்ட் ராக் பக்கம் ஒரு மாலில் ஸ்டூடியோ வைத்திருந்தோம். வருகிறவர்கள் விக்டோரியா மகாராணி காலத்துக் கவுனும் கோட்டும் மாட்டிக்கொண்டு, அந்தக் காலத்துப் படம் போலவே பழுப்பு நிறத்தில் எடுத்துக்கொண்டு போவார்கள். உடுப்பு மாட்டிவிடுவது நான், படம் எடுப்பது அவர். உடுப்பெல்லாம் முன்பக்கம் மட்டும்தான், முதுகில் நாடா. போட்டிருக்கிற துணி மேலேயே கட்டிவிடலாம்.

பங்களா

அமெரிக்காவுக்கு வேலைக்குப் புதிதாக வந்திருந்த பையன் ஒருவன். ஊரில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அனுப்புவதற்கு வித்தியாசமாக ஒரு போட்டோ வேண்டுமென்றான். கோட்டும் உயரத் தொப்பியுமாக, மாளிகை வரைந்த எங்கள் திரைக்கு முன்னால் நிறுத்தினோம். கோட்டுக்குக் கீழே அரை டிராயர். அது படத்தில் வராமல் சேகர் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்துக் கவலையோடு வந்து நின்றான். "அக்கா, பொண்ணு வீட்ல ஓகே சொல்லிட்டாங்க. ஆனா பின்னாடி இருக்கிற பங்களா சொந்தமா வாடகையான்னு கேக்கிறாங்க."

சிரிக்காத முகம்

அந்தக் காலத்துப் படங்களில் யாரும் சிரிப்பதில்லை. அதனால் நாங்களும் சிரிக்க வேண்டாம் என்போம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆட்களை வேலையைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்த சமயம், ஒருவர் மனைவியோடும் சின்னப் பெண்ணோடும் வந்தார். வேலை போய்விட்டது, விசாவும் அதோடு போயிற்று. சாமான்களை விற்றுவிட்டு அந்த வாரமே சென்னைக்குக் கிளம்புகிறார்கள். "இந்த ஊர்ல மூணு பேரும் சேர்ந்து ஒழுங்கா ஒரு படம்கூட எடுத்துக்கலை" என்றார் மனைவி.

சேகர் பழக்க தோஷத்தில், "சிரிக்க வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வந்தவர் குழந்தையை மடியில் சரியாக உட்காரவைத்துக்கொண்டே சொன்னார்: "தேங்க்ஸ் சார். ஒரு மாசமா எல்லாரும் என்னைச் சிரிச்ச மாதிரி இருன்னுதான் சொல்லிட்டிருக்காங்க."

நாற்காலி யாருக்கு

கணவன் உட்கார்ந்திருப்பான், மனைவி அவன் தோளில் கைவைத்து நிற்பாள். இதுதான் அந்தக் காலத்து வழக்கம். மகனைப் பார்க்க ஈரோட்டிலிருந்து வந்திருந்த அங்கிளையும் ஆன்டியையும் அப்படித்தான் வைத்தோம். ஆன்டிக்கு மூட்டுவலி போலிருக்கிறது, சொல்லவில்லை. காலை மாற்றி மாற்றி ஊன்றினார். நான் வாய் திறப்பதற்குள் அங்கிள் எழுந்துவிட்டார்.

"நீங்க உக்காருங்க, பாக்க நல்லாயிருக்காது" என்று ஆன்டி மறுத்தார். அங்கிள் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு சேகரைப் பார்த்தார். "கல்யாணமானதுல இருந்து எனக்குச் சோறு போட்டுட்டு இவ நின்னுட்டேதானுங்க இருந்தா. படத்துலயாச்சும் உக்காரட்டுங்க."

அம்மாவின் படம்

யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் ஹூஸ்டனிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்தார். சண்டையில் வீடு எரிந்தபோது, இறந்துபோன அம்மாவின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லையாம். எங்கள் உடுப்புகளைத் துழாவி, கழுத்தில் லேஸ் வைத்த வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்தார். அம்மாவிடம் அப்படி ஒன்று இருந்ததாம். சேலையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நடுவகிடு எடுத்து, இறுக்க வாரிக் கொண்டை போட்டுவிடச் சொன்னார்.

பிரிண்டைக் கையில் கொடுத்தேன். சரியாக இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டேன். விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளையளுக்கு இதைத்தான் அம்மம்மா எண்டு காட்டப்போறன். அவவின்ர முகம்தானே எனக்கு வந்திருக்கு."

இத்தனை பேரை மகாராணி காலத்துக்கு அனுப்பிவைத்த எங்களிடம், நானும் சேகரும் சேர்ந்து இருக்கிற படம் மட்டும் கிடையாது, யாராவது ஒருவர் கேமராவுக்குப் பின்னால் நிற்கத்தானே வேண்டும்.