அவிழ்ந்தால் புதுத் தவளை

தூண்டில் கடை வைத்தவனுக்கு மீனோடு சோலி குறைவு; தப்பித்த மீனைப் பற்றிப் பேச வருகிற ஆட்களோடுதான் சோலியெல்லாம்.

போடியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் கடை. முள், நரம்பு, ராடு, ரீலு, ரப்பர் தவளை. நரம்பு என்றால் தூண்டில் கயிறு. ரப்பர் தவளையை விரால் மீன் நிஜத் தவளை என்று நம்பிக் கவ்வும். இவ்வளவு தெரிந்தால் போதும். நீங்களும் ஏதோ ஒரு கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வசவு வாங்குகிறவர் என்றால் மீதி உங்களுக்கே விளங்கும்.

பலகை

இப்போது எல்லோரும் தவளையைப் போனில் வாங்குகிறார்கள். பார்சல் வந்ததும் அதை என்னிடம் கொண்டுவந்து கட்டித் தரச் சொல்கிறார்கள். வாங்குவது எவனிடமோ, கட்டுவது நான். அதுவும் சும்மா. கட்டிக்கொண்டு போனவன் அடுத்த வாரம் வந்து, முடிச்சு அவிழ்ந்து மீன் போச்சு என்பான். எனக்குக் கண்ணில் புரை எடுத்த பிறகு இந்தப் புகார் கூடிப்போனது. கண்ணில் கத்தி பட்ட சேதி ஊருக்குத் தெரிந்துபோனதுதான் காரணம். என் முடிச்சு அல்ல.

என் மாப்பிள்ளை பாலமுருகனுக்குப் போன் கவர் வியாபாரம். பஸ் நிலையத்துப் பக்கம் இடம் தேடிக்கொண்டிருந்தார். மாமாவுக்குக் கை நடுங்குகிறது, பாவம் உட்காரட்டும், கடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் வீட்டுக்காரி பேச்சியம்மாளிடம் போட்டுவைத்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. 'நான் போட்ட முடிச்சு அவிழ்ந்தால் புதுத் தவளை இலவசம்' என்று பலகை எழுதி வாசலில் மாட்டினேன். கடைக் கட்டடம் பேச்சியம்மாளுக்கு அவள் அப்பன் கொடுத்த சீதனம். ஆகவே தீர்ப்பும் அவளுடையது. மதியச் சோற்றுத் தூக்கோடு வந்தவள் பலகையை இரண்டு தரம் படித்தாள். "தவளையெல்லாம் தாராளமாக் குடுங்க. ஆனா நெசமாவே அவுந்துச்சுன்னு ஒரு ஆளு வந்து நின்னா, அன்னைக்கே கடைச் சாவியை மாப்பிள்ளை கையில குடுத்துருங்க."

ஏலக்காய்க் கட்டு

பலகையில் மை காயுமுன் வந்து நின்றவர் சீனி. ஏலக்காய் கமிஷன் கடையில் மூட்டை பார்க்கிறவர். முடிச்சு அவிழ்ந்து, தவளையோடு விரால் போய்விட்டது என்றார். பேச்சுவாக்கில், போனது கறுப்புத் தவளை என்று அவரே சொன்னார். நான் கட்டிக் கொடுத்தது பச்சை. விசாரித்தால், கண்மாயில் பச்சைக்கு மீன் மசியவில்லையாம். அறுத்துப் போட்டுவிட்டுக் கறுப்பை அவர் கையாலேயே கட்டியிருக்கிறார். எப்படிக் கட்டினீர், இங்கே கட்டும் பார்ப்போம் என்று ஒரு துண்டு நரம்பைக் கொடுத்தேன்.

அழகாகக் கட்டினார். அவர்கள் கடையில் மூட்டை வாயைக் கட்டுகிற அதே கட்டு. வாங்க வருகிறவர் காயை அள்ளி, மோந்து, திருப்பிக் கொட்டிப் பார்க்க வேண்டும். அதற்குத் தோதாக ஒரு நுனியை வெளியே விட்டுக் கட்டுவார்கள். இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். வழுக்குகிற நரம்பில் எந்த நுனியை இழுத்தாலும் அதே கதைதான். விராலும் இழுத்துப் பார்த்திருக்கிறது. மீன் இழுத்தால் நிற்க வேண்டாமா ஐயா என்று கேட்டேன். சீனிக்குத்தான் கோபம் வந்தது. "ஒரே இழுப்புல அவுரலேன்னா, எங்க கடையில அதுக்குப் பேரு முடிச்சே இல்லண்ணே."

இரும்பு

ஜோஸ் மலையாளி, போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் இறங்கிவருவார். கொண்டை ஊசி வளைவில் நின்றுபோன ஜீப்பை எல்லாம் கட்டி இழுத்துப் பழகியவர். முடிச்சு என்றால் அவருக்கு நம்பிக்கையில்லை, இரும்பு வேண்டும். என்னிடம் இரும்பும் உண்டு. ஸ்விவல் என்று ஒரு சாமான், நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழன்று கொடுக்கும். ஸ்னாப் என்று இன்னொன்று, சேப்டி பின் மாதிரி, வெரசாகத் தவளையை மாட்டிக் கழற்றலாம். ரப்பர் தவளைக்கு இரண்டுமே வேண்டாம், நேராகக் கட்டினால் போதும் என்றேன். கேட்கவில்லை. இருப்பதிலேயே பெரிய ஸ்விவல், அதில் ஒரு ஸ்னாப், அதற்கு மேல் பாதுகாப்புக்கு இன்னொரு ஸ்விவல். பார்க்க ஜீப்புக்குக் கட்டுகிற சங்கிலி மாதிரியே இருந்தது. நான் என் முடிச்சை மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு வந்தார். தண்ணீர் மேல் தத்தித் தத்தி வரவேண்டிய தவளை, போட்டதும் மூக்குக் குப்புற அடியில் போய்ப் படுத்துக்கொண்டதாம். முடிச்சு இருக்கிறதா என்று கேட்டேன். "சேட்டா, முடிச்சு ஜோரு. பக்ஷே, நீந்தத் தெரியாத தவளையாப் பாத்துக் கட்டித் தந்துட்டீங்க."

சாருடைய மரியாதை

ரிட்டயரான கணக்கு வாத்தியார் ஒருவர். நாள் முழுக்கக் கண்மாய்க் கரையில் உட்கார்ந்தும் ஒரு மீனும் கிட்டே வரவில்லை என்று தவளையைக் கொண்டுவந்து காட்டினார். அதன் மூக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு உருண்டை. உள்ளே எங்கேயோ என் முடிச்சு. அதன் மேல் சார் போட்டது ஒன்று, அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் எத்தனையோ. நெல்லிக்காய் தின்கிற தவளையை எந்த விரால் நம்பும்? என் முடிச்சில் சாருக்கு அவ்வளவு சந்தேகமா என்று கேட்டுவிட்டேன். சார் பதறிப்போனார். "உங்க முடிச்சு மேல எனக்குப் பூரண நம்பிக்கைங்க. மேல போட்டதெல்லாம் சும்மா ஒரு மரியாதைக்கு."

எச்சில்

முடிச்சை இறுக்குமுன் நனைக்க வேண்டும். காய்ந்த நரம்பு உரசிச் சூடேறி வலுவிழந்துவிடும். நனைக்க எனக்குத் தெரிந்த வழி வாய்தான். ரெஜினா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்த ஊரில் ஒழுங்காகத் தூண்டில் வீசத் தெரிந்த சிலரில் ஒருத்தி. நரம்பை வாய்க்குக் கொண்டுபோனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எச்சில் பண்ணாமல் கட்ட வேண்டும் என்றாள். கடையில் தண்ணீர் பாட்டில் காலி. எதிரே டீக்கடையில் வாங்கிவரலாம் என்றால் அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்படியே இறுக்கிக் கொடுத்தேன்.

அவளும் வந்து நின்றாள். நரம்பின் நுனியை நீட்டினாள். மீன் பல் பட்டு அறுந்த நுனி துண்டாக நிற்கும். இது பன்றி வால் போலச் சுருண்டிருந்தது. முடிச்சு உருவிக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். மழுப்ப வழியில்லை. அன்றைக்கென்று பேச்சியம்மாள் தூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். என் இடுப்பில் சாவிக்கொத்து கனத்தது. புதுத் தவளை ஒன்றை எடுத்து வைத்தேன். ரெஜினா நேர்மையான பிள்ளை. எச்சில் வேண்டாம் என்று சொன்னது தான்தான் என்பதைப் பேச்சியம்மாளிடம் ஒளிக்காமல் சொன்னாள். தவளையை வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "யாரு சொன்னாலும் கேக்காத மனுசன்னு ஊரே சொல்லுது பெரியப்பா. போயும் போயும் நான் சொன்னதையா கேக்கணும்?"

மீதிப் பாதி

பேச்சியம்மாள் தீர்ப்புச் சொன்னாள். அவிழ்ந்தது நிஜம், ஆனால் சொன்னது அந்தப் பிள்ளை. அதனால் இது பாதி. இன்னொரு பாதி சேர்ந்தால் சாவி கைமாறும். மாப்பிள்ளை காதுக்கு இது எப்படிப் போனது என்று நான் விசாரிக்கவில்லை. காலையில் கடை திறக்கும்போது வாசலில் நின்றார். மீன் வாடையே ஆகாத மனிதர். தூண்டிலை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஒரு தவளை கட்டிக் கொடுங்கள் மாமா என்றார். கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்த்ததனாலேயே நடுங்கியது. நரம்பை இரட்டையாக மடித்துத் தவளையின் மூக்கு வளையத்தில் விட்டு, சுருக்குப் போட்டு, தவளையையே அந்தச் சுருக்குக்குள் நுழைத்தெடுத்தேன். பிறகு வாயில் வைத்து, வஞ்சகமில்லாமல் எச்சில் பண்ணி இறுக்கினேன். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மீதியைச் சொன்னவர் ஜீப் டிரைவர் கருப்பையா. அவர்தான் மாப்பிள்ளையைப் பொட்டிபுரம் போகிற வழியில் ஒரு கண்மாய்க்குக் கூட்டிப் போனவர். முதல் வீச்சிலேயே தவளை, தண்ணீருக்குள் கிடந்த கருவேலங்கட்டையில் மாட்டியது. வேறு ஆள் என்றால் தலையில் அடித்துக்கொண்டு நரம்பை அறுத்துவிடுவான். மாப்பிள்ளைக்குச் சந்தோஷம். மீன் என்றால் களைத்துப்போகும், கட்டை களைக்காது, எப்படியும் முடிச்சு உருவிக்கொள்ளும் என்று கணக்கு. கையில் துண்டைச் சுற்றி, அதன் மேல் நரம்பைச் சுற்றி, கரையோரம் காலை ஊன்றி இழுத்திருக்கிறார். கருப்பையா கத்தியை நீட்டினாராம். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு இன்னும் மூச்சுப் பிடித்து இழுத்திருக்கிறார். வண்டல் கரை. கட்டை அசையவில்லை, முடிச்சு அசையவில்லை. அசைந்தது மாப்பிள்ளைதான். மார்பளவுத் தண்ணீர். சட்டைப் பையில் புதுப் போன்.

கருப்பையா இறங்கி, கட்டையில் தவளை மாட்டிய கிளையை மட்டும் கத்தியால் வெட்டி, அதை ஒரு கையிலும் மாப்பிள்ளையை ஒரு கையிலும் கரையேற்றி, இரண்டையும் கடைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பேச்சியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் நெம்பியும் பார்த்தாள். பிறகு என்னிடம் மாப்பிள்ளைக்கு ஒரு மாற்று வேட்டி கேட்டாள். சாவியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேட்டி மாற்றிக்கொண்டு வந்த மாப்பிள்ளை, தண்ணீர் சொட்டுகிற போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் பலகையை வெகுநேரம் படித்தார். "மாமா, உங்க முடிச்சு அவுந்திருந்தா என் போன் பொழச்சிருக்கும். அவுராததுக்கு என்ன குடுப்பீங்கன்னு இதுல ஒண்ணும் போடலியே?"

முடிச்சு அவிழ்ந்தால் கடைக்காரன் கை நடுக்கம், அவிழாவிட்டால் கடைக்காரன் பிடிவாதம், மீன் சிக்கினால் மட்டும் அது அவனவன் கைராசி.