சேணம் இல்லாத ஊர்வலம்

எங்கள் குதிரையின் முதுகில் இருந்த புண்ணை முதலில் பார்த்தது நான்தான். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில், சேணம் அழுத்துகிற இடத்தில், முடி கொட்டித் தோல் சிவந்திருந்தது. கல்யாண ஊர்வலங்களுக்குப் போகும் குதிரை அது. என் கணவர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். ஷிப்ட் இல்லாத நாட்களில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நடப்பார். நான் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். மந்தாரக்குப்பத்துக்கு வாழ வரும்வரை குதிரையைத் தொட்டதுகூட இல்லை.

அப்போது என் மகள் கைக்குழந்தை. அவள் தொடை இடுக்கில் லேசாகச் சிவந்தாலே எனக்குச் சோறு இறங்காது. அந்தப் பதற்றத்தை அப்படியே குதிரையிடமும் கொண்டுபோனேன். காலையும் மாலையும் கிருமிநாசினி கலந்த தண்ணீரால் தேய்த்துக் கழுவி, மேலே மஞ்சளைக் குழைத்து அப்பினேன். புண் பெரிதானது. வந்து பார்த்த கால்நடை மருத்துவர், "புதுசா வர்ற தோலை நீங்களே தினமும் உரிச்சு எடுக்கறீங்கம்மா," என்றார். காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, தேய்க்காமல் ஒற்றி எடுக்கச் சொன்னார். அவர் எழுதித் தந்த மருந்தைப் பூசி, ஈ உட்காராமல் பார்த்துக்கொண்டால் போதுமாம். தோல் ஆறி முடி முளைக்கும்வரை சேணம் மட்டும் கூடவே கூடாது.

ஆனால் புண் ஏன் வந்தது? ஆறிய பிறகு மறுபடியும் வந்தால்? அதுதான் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. சேணத்துக்கு அடியில் போடும் கம்பளி மெத்தையை எடுத்துப் பார்த்தேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பார்வையை நம்ப மனம் வரவில்லை. அதை மடித்து இடுப்பில் வைத்து, அதன்மேல் தண்ணீர்க் குடத்தை ஏற்றிக்கொண்டு தெருக்குழாய்க்கும் வீட்டுக்குமாக நடந்தேன்.

"இன்னா, நீயே சேணம் கட்டிக்கினு கெளம்பிட்ட?" என்று வாசலில் நின்ற என் கணவர் சிரித்தார்.

குடத்தை இறக்கியபோது இடுப்பில் ஒரு பக்கம் சிவந்து கன்றிப்போயிருந்தது. காட்டினேன். சிரிப்பு நின்றது. மெத்தையை இருவரும் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தோம். வியர்வை உப்பு காய்ந்து காய்ந்து கம்பளி ஒரு மூலையில் அட்டைபோல விறைத்திருந்தது. ரோட்டோரச் சுவரில்தான் அதை எப்போதும் காயப்போடுவோம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிகள் போகிற ரோடு அது. உதறினால் நறநறவென்று தூசி கொட்டியது. குழந்தை துணிகளை மட்டும் வீட்டுக்குள் கொடி கட்டி உலர்த்திய எனக்கு, இது ஏன் முன்பே தோன்றவில்லை என்று தெரியவில்லை. அன்றே துவைத்தோம். மெத்தைக்கும் உள்ளே கொடி வந்தது.

புண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்த சமயம், என் சின்ன மாமனார், அதாவது கணவரின் சித்தப்பா, குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்தார். அவர் மகனுக்குக் கல்யாணம். எங்கள் குதிரையில்தான் மாப்பிள்ளை அழைப்பு என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

என் கணவர் அடுப்படிக்கு வந்து, "நீயே சொல்லிடு. நான் சொன்னா எங்கப்பா காலத்து சண்டையெல்லாம் இழுப்பாரு," என்றார்.

காபியை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அரை மணி நேரம் உக்காந்தா குதிரை கரைஞ்சா பூடும்?" என்றார் அவர்.

"கரையாது மாமா. புண்ணு மறுபடி பொளந்துக்கும்."

"பஞ்சு வெச்சிக் கட்டேன்."

"பஞ்சு வச்சாலும் அது மேல ஆள் உக்காந்தா அதே அழுத்தம்தானே மாமா?"

அவர் என் கணவரைப் பார்த்தார். "டவுன்சிப்பு பொண்ணு பாருடா, குதிரைக்கும் மெடிக்கல் லீவு எழுதறா."

"குதிரை வரும் மாமா. மாலை போட்டு, சலங்கை கட்டி முன்னாடி நடக்கும். தம்பி கார்ல வரட்டும்," என்றேன்.

காபியைத் தொடாமலே எழுந்து போனார். பெரியவரை அவமதித்துவிட்டேனோ என்று அன்று முழுவதும் மனம் அடித்துக்கொண்டது. இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன். பேசினால், சரி ஏறட்டும் என்று சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் கீழே வைத்தேன்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சேணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, குதிரையை மினி லாரியில் ஏற்றிக் கொண்டுபோனோம். அங்கே யாராவது என் கண் மறைந்த நேரத்தில் ஏறிவிடலாம் என்று தோன்றியது. குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றை நானே பிடித்து நடந்தேன். "மாப்புள்ள எங்கடி, குதிரையை அண்ணிக்காரி இழுத்துகினு வரா!" என்று ஒரு பெண் கத்த, கூட்டம் சிரித்தது. முகம் எரிந்தது. நடந்தேன்.

மண்டபத்து வாசலில் போட்டோக்காரர் நிறுத்தினார். "மாப்ள, ஒரு நிமிஷம் ஏறுங்க. ஒரே ஒரு ஷாட்." யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். காரிலிருந்து இறங்கிய மாப்பிள்ளை அதன்மேல் ஏறி நின்றான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"வேணாம் தம்பி."

"அண்ணி, நான் ஒல்லிதானே!"

நான் நகரவில்லை. "செருப்பு கடிச்ச இடத்துல அதே செருப்பை மறுபடி மாட்டுவீங்களா?"

அவன் குனிந்து தன் புது ஷூவைப் பார்த்தான். "ஐயோ, இதுவே கடிச்சித்தான் கிடக்கு அண்ணி," என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே இறங்கிவிட்டான். குதிரையின் கழுத்தில் கைபோட்டு நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். சின்ன மாமனார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

லாரியில் ஏற்றும்போது பார்த்தேன். பொருக்கு உடையாமல் இருந்தது.

சின்ன மாமனார் இன்னும் என்னிடம் நேரே பேசுவதில்லை. எல்லார் முன்னாலும் மறுத்ததற்காக ஒரு நாள் மன்னிப்புக் கேட்கத்தான் போகிறேன். குதிரையில் ஏறவிடாததற்காக அல்ல.

நேற்று இன்னொரு கல்யாணத்துக்குக் கேட்டு வந்தார்கள். புண் இருந்த இடத்தில் மெல்லிய ரோமம் வந்திருக்கிறது. என் கணவர் சேணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் அந்த இடத்தில் கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். தோல் வெடுக்கென்று சுருங்கியது.

"இன்னும் வேணாங்க," என்றேன்.

அவர் சேணத்தை உள்ளே கொண்டுபோய் ஆணியில் மாட்டினார்.