மட்டமும் வாட்டமும்

சிங்கவரத்தில் மகள் கட்டிய வீட்டின் மொட்டை மாடியைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவன். சாந்துச் சட்டி தூக்கி மேஸ்திரியானவன். செஞ்சியில் நான் போட்ட தளம் ஒன்றுகூட இதுவரை ஒழுகியதில்லை. மருமகனோ படித்தவர்தான் வேண்டுமென்று ஓர் இன்ஜினீயரிடம் வேலையைக் கொடுத்துவிட்டார்.

அன்றுதான் தட்டோடு பதித்து முடித்திருந்தார்கள். ஒரு குடம் தண்ணீரை ஊற்றினேன். மழைநீர்க் குழாய்ப் பக்கம் ஒரு சொட்டுகூட நகராமல் குளமாக நின்றது.

"இன்னா தம்பி இது?" என்றேன்.

"டியூப்ல தண்ணி ரொப்பி மட்டம் பாத்துட்டேன் பெரியவரே. ஒரு நூல்கூட ஏத்த எறக்கம் இல்ல. பக்கா மட்டம்," என்றார் இன்ஜினீயர்.

"மட்டந்தான்யா! இத்தவிட மட்டமான வேலைய நான் பாத்ததில்ல. இதுமேல இன்னா கேரம் போர்டா ஆடப் போறோம்? தண்ணி வடிய பத்தடிக்கு ஒரு இன்ச்சாவது வாட்டம் வேணாமா? ஐப்பசி மழையில எம்பொண்ணு கொடை புடிச்சிக்கினு சமைக்கணுமா?"

"மாமா, அவரு படிச்சவரு..." என்று மருமகன் இழுத்தார்.

"அப்போ அந்தத் தண்ணிய அவரே போவச் சொல்லட்டும் மாப்ள."

அங்கிருந்த கொத்தனாரிடம் உளியை வாங்கி முதல் ஓட்டை நானே பெயர்த்தேன். ஈரம் காயாத ஓடு, சுலபமாக வந்துவிட்டது. கோபம்தான் இன்னும் போகவில்லை.