நாற்பத்தொன்றாவது மத்தியானம்

பேய் என்றால் அமாவாசை இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது போன வருஷம் மே மாதம், மண்டையைப் பிளக்கிற வெயிலில், மத்தியானம் 12:10-க்கு நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைத்தால் கோவிலம்பாக்கம் போய்ப் பாருங்கள். அந்த வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது.

வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வைத்து மோட்டார் ஹோம் என்று ஊர் சுற்றுகிறார்களே, அந்த வண்டிகளுக்குக் குழாய் வேலை செய்கிறவன் பல்லாவரம் சுஃபியான். கெட்டிக்காரன். ஆனால் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அவனுக்கு எந்த வாசனையும் தெரியாது. 2021-இல் கொரோனா அவன் மூக்கைக் கொண்டுபோயிற்று. அதே வாரம் அவனுடைய அத்தாவையும் கொண்டுபோயிற்று. அப்பன் ஒரு ஆஸ்பத்திரி, மகன் ஒரு ஆஸ்பத்திரி. இறந்தவரின் உடலை, மய்யித்தை, குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி அனுப்புவது பெற்ற மகன் செய்ய வேண்டிய காரியம். இவனுக்கு முகம் பார்க்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லை. குளிப்பாட்டாமலே, பையில் வைத்துக் கட்டி அடக்கிவிட்டார்கள். மூக்கு போனதற்கு அவன் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. இந்தக் குறையை நினைத்து அழாத வெள்ளிக்கிழமை கிடையாது.

கோவிலம்பாக்கத்தில் தோத்தாத்ரி என்று ஒரு ரிடையர்டு கணக்கு வாத்தியார். பழைய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தார். வந்த நாளிலிருந்து தினமும் 12:10-க்கு அதன் பாத்ரூமிலிருந்து குடலைப் பிடுங்குகிற நாற்றம். கால் மணி நேரத்தில் அடங்கிவிடும். இரண்டு பிளம்பர்கள் வந்து கைவிரித்துவிட்டுப் போனார்கள். அவர் மனைவி காமு மாமி அந்த வண்டியில் ஏறிக் காசிக்குப் போவதைவிட வீட்டிலேயே கண்ணை மூடிவிடலாம் என்று சொல்லிவிட்டாள். வாத்தியார் புத்தி விடுமா? நாற்றம் வந்த தேதியையும் நேரத்தையும் டைரியில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதிக்கொண்டு வந்தார். சுஃபியான் போனபோது முப்பத்தெட்டு ஆகியிருந்தது.

நாற்றம் எங்கே அதிகம் என்று மாமியையே காட்டச் சொன்னான். மூக்கு இல்லாதவனின் தந்திரம் அது. வாஷ்பேசினுக்குக் கீழே குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். காய்ந்துவிட்டால் கழிவு டேங்கின் காற்று மேலே ஏறிவிடும். பார்த்தான். காய்ந்துதான் கிடந்தது. தண்ணீர் ஊற்றி, அது வற்றாமல் இருக்க மேலே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும் விட்டான். முடிந்தது வேலை என்று கிளம்பிவிட்டான்.

12:15-க்கு போன் வந்தது. மறுபடியும் நாற்றம். முப்பத்தொன்பது.

மறுநாள் போய்க் குழாயைக் கழற்றினான். வளைவு காய்ந்து கிடந்தது. எங்கேயும் கசிவில்லை. விரலை விட்டுப் பார்த்தான். எண்ணெய்ப் பிசுக்குகூட இல்லை. துடைத்து எடுத்தது போல இருந்தது.

கூரையில் இருக்கும் காற்றுக் குழாய் அடைத்திருக்குமோ என்று மேலே ஏறினான். அடைப்பில்லை. மணி 12:10 தாண்டியிருந்தது. அப்போது கீழே, வண்டிக்குள் பம்ப் ஓடியது.

டக்டக்டக்... நின்றது. டக்டக்டக்... நின்றது.

குழாயைத் திறந்தால்தான் அந்தப் பம்ப் ஓடும். மூடினால் நிற்கும். உள்ளே யாரும் இல்லை. மாமி வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அவன் இறங்கி ஓடி உள்ளே போவதற்குள் சத்தம் ஓய்ந்துவிட்டது. பேசின் காய்ந்திருந்தது. டேங்கில் தண்ணீர் ஒரு விரல் அளவுகூடக் குறையவில்லை.

ஆனால் அந்தத் தாளம் அவன் காதிலேயே நின்றது. மும்மூன்றாக ஓடி, நடுவில் சின்னதாக ஒரே ஒரு தடவை, மறுபடி மும்மூன்று. தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவும் ஒளுவின் கணக்கு அது. தினம் ஐந்து வேளை அவனே செய்வது. தலைக்குத் தடவ மட்டும் ஒரு தடவை, மற்றதெல்லாம் மும்மூன்று. மனப்பிராந்தி என்று தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அடுத்த நாள் 11:50-க்கே வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். அதுதான் நாற்பத்தொன்றாவது மத்தியானம்.

12:10.

டக்டக்டக்... மூன்று தடவை. பிறகு மூன்று. பிறகு மூன்று.

அடுத்தது தலைக்கான அந்த ஒற்றைச் சத்தமாக இருக்கக் கூடாது. அதற்கு முன் ஆறு சுற்று வர வேண்டும். மணிக்கட்டு, வாய், மூக்கு, முகம், வலது கை, இடது கை. விரல் விட்டு எண்ணிக்கொண்டே காத்திருந்தான்.

டக்.

ஒற்றைச் சத்தம். மூன்று சுற்று குறைகிறது. மணிக்கட்டு கழுவவில்லை. வாய் கொப்பளிக்கவில்லை. மூக்குக்குத் தண்ணீர் விடவில்லை...

அப்போது அவனுக்கு வாசனை வந்தது.

நான்கு வருஷம் கழித்து முதல் வாசனை. ஒரு நொடி சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

கற்பூரம்.

தண்ணீரில் கரைத்த கற்பூரம். மய்யித்தைக் குளிப்பாட்டும் வீடுகளில் அவன் முகர்ந்த வாசனை அது என்று ஞாபகம் வந்தது.

வண்டி மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது... யாரோ அவனுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றாற்போல.

தலைக்கு ஆயிற்று. இனி இரண்டு கால்கள்தான் பாக்கி.

ட...

பம்பின் பியூஸைப் பிடுங்கினான்.

12:14.

ஒரு சத்தமும் இல்லை.

வெளியே வந்து விழுந்தவனைப் பார்த்துக் காமு மாமி கேட்டது இதுதான்: "என்ன செஞ்சேள்? இன்னிக்கு நாத்தமே வரலையே!"

சுஃபியான் எழுந்து தெருமுனைக்குப் போய் ஜமாலுக்கு போன் போட்டான். ஜமால் பள்ளிவாசலில் மய்யித் குளிப்பாட்டுகிறவன். கொரோனா சமயத்தில் பயப்படாமல் பிணம் சுமந்து அடக்கிய நண்பன். சுஃபியானுடைய அத்தாவை அடக்கியதும் அவன்தான். வாயும் மூக்கும் கழுவாத ஒளு இருக்கிறதா என்று சுஃபியான் கேட்டான்.

"உசுரோட கீறவன்தான்டா வாய் கொப்பளிப்பான்," என்றான் ஜமால். "மய்யித்துக்கு நாம செஞ்சி வுடற ஒளுல அது கெடையாது. எங்க கேட்ட இத?"

சுஃபியான் சொன்னான். ஜமால் வண்டி நம்பரைக் கேட்டான். அதையும் சொன்னான்.

"கொரோனால நாங்க மய்யித் ஏத்துன வண்டிடா அது. பின்கதவு உள்பக்கம் பலகையைக் கழட்டிப் பாரு. ஆணியால கோடு போட்டு வெச்சிருப்பேன். ஏத்துன ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோடு. ஒருத்தரையும் குளிப்பாட்ட வுடல மச்சான்."

வண்டிக்குத் திரும்பி ஓடி ஸ்குரூவைக் கழற்றினான். பலகைக்குப் பின்னால், துருப்பிடித்த தகரத்தில் கோடுகள். வாத்தியார் பக்கத்தில் நின்று எண்ணினார். எண்ணிவிட்டு, நாற்றம் வராத அன்றைக்கும் நம்பர் போட்டிருந்த தன் டைரியை நீட்டினார். இரண்டிலும் ஒரே எண்.

நாற்பத்தொன்று.

ஜமால் இன்னும் லைனில் இருந்தான். கடைசிக் கோடு யாருக்கு என்று சுஃபியான் கேட்டான். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"உங்க அத்தாதான்டா. அவருக்கு அப்பறம் அந்த வண்டிய ஓட்டறத வுட்டுட்டோம்."

மறுநாள் பியூஸை மாட்டிவிட்டு, டேங்க் நிறையத் தண்ணீரோடு அவன் 12:10-க்குக் காத்திருந்தான். அத்தா, அத்தா என்று கூப்பிட்டுப் பார்த்தான். பம்ப் ஓடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அந்த வண்டியில் அதற்குப் பிறகு நாற்றமும் வரவில்லை, கற்பூரமும் வரவில்லை. அவன் மூக்கும் பழையபடி செத்துப்போயிற்று.

மூன்றாம் நாள் மத்தியானம் அவன் மனைவி ஜஹீரா வீட்டிலிருந்து கூப்பிட்டாள். நேரம் 12:14. குரலில் எரிச்சல்.

"பூட்டுன வூட்டுக்குள்ள யாருங்க வந்தது? இப்பதான் தொடச்சேன். கதவுலேந்து பாத்ரூம் வாசப்படி வரைக்கும் ரெண்டு காலு, ஒரே செம்மண்ணு..."

இன்றும் தினமும் துடைக்கிறாள். தினமும் பாத்ரூம் வாசற்படியில் சுஃபியான் ஒரு வாளித் தண்ணீர் வைக்கிறான். பாக்கியிருந்த அந்தக் கால்களைக் கழுவிவிட, பக்கத்தில் குத்துக்காலிட்டு, குவளையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். 12:14-க்குச் செம்மண் தடம் வருகிறது. வாளிக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிடுகிறது.