நெற்றியில் கண்ட முத்து

மதுரையில் ஒரு மாதம் நடக்கும் கோடைச் சங்கீத வகுப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கம்பம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏற வேண்டிய காலையில், காய்ச்சலில் படுத்திருந்த தங்கையின் நெற்றியில் இரண்டு அம்மை முத்துகளைப் பார்த்துவிட்டேன். அம்மை கண்டவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டார் வெளியூர் போகக்கூடாது.

அவள் முடியை இழுத்து மறைத்தாள். "ஆத்தாகிட்டச் சொல்லிராதண்ணே. தெரிஞ்சா ஒன்னைய விடமாட்டாக. வந்து புதுப்பாட்டு வாசிச்சுக் காட்டு."

பிடில் பெட்டியைப் பூட்டும் நேரம்தான் யோசித்தேன். "காய்ச்சல் எப்படிடா இருக்கு?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"கொறஞ்சிருச்சு ஆத்தா."

ஏழு பாட்டுகளோடு திரும்பினேன். வாசலில் செருகிய வேப்பிலை சருகாகியிருந்தது. தங்கை இல்லை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீயாச்சும் தெரியாமக் கெளம்பிப் போயித் தப்பிச்சியே, ஏலே!"

தெரிந்துதான் போனேன் என்பதை அவள் சாகும்வரை நான் சொல்லவில்லை.